இருபது மில்லி

பதினொரு வாரமாக நான் பால் கொடுத்தது
ஒரு மஞ்சள் இயந்திரத்துக்கு.
சமர்த்தாகக் குடித்தது.
கக்கவில்லை, முகம் திருப்பவில்லை,
முதுகைத் தட்டு என்று கேட்கவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்.
எங்கள் வீட்டில்
அழுவது ஒன்று
குடிப்பது இன்னொன்று.

முப்பத்திரண்டாம் வாரமே வந்துவிட்டவள்.
கண்ணாடிப் பெட்டிக்குள்
மூக்கில் குழாயோடு கிடந்தாள் ஐந்து வாரம்.
செங்காங்கிலிருந்து ரயிலேறி
ஐஸ் பையில் என்னைச் சிறுகச் சிறுகச்
சுமந்துபோய் ஒப்படைத்து வந்தேன்.
தாதி ரசீது தரவில்லை, அவ்வளவுதான்.

இரவு மூன்று மணிக்கு
கைப்பேசியில் அவள் கொட்டாவி விடுகிற
பதினேழு நொடி.
அதைப் பார்த்தால்தான் சுரக்கும்.
செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து
பசுவின் முன் நிறுத்துவார்களாம்.
பார்த்ததில்லை,
உயர்நிலை இரண்டில் தமிழாசிரியர் சொன்னது.
என் கன்று உயிரோடுதான் இருந்தது.
இருந்தும் நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்தாள்.
மார்பருகே கொண்டுபோனால்
வில்லாய் வளைந்து வீறிட்டாள்,
தப்பான மாடியில் இறங்கி
யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டவள்போல.
போத்தலைக் காட்டினால் சமாதானம்.

உறைபெட்டியில் மீனுக்கு இடமில்லை,
பராட்டாவுக்கும்.
எதிர்வீட்டு மிஸஸ் க்வா
தன் ஐஸ்கிரீமையெல்லாம் தின்று தீர்த்து
ஒரு தட்டைக் காலி செய்து தந்தார்.
தேதி, நேரம், மில்லி.
பட்டைநாடாவில் என் கையெழுத்து
நாளுக்கு நாள் கணக்கர் கையெழுத்தானது.

"போத்தலில் இருப்பதும் உன் பால்தானே?"
என்றான் இன்பன்.
கேலியாக இல்லை, ஆறுதலாகத்தான்.
பதில் இல்லை என்னிடம்.
அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது.
கிடைக்காதது எனக்கு.
இதை எப்படிச் சொல்வது,
சுயநலம்போல் ஒலிக்காமல்?

பாலூட்ட உதவும் ரொஹானா வந்தார்.
முதல் வேலையாகச்
சுவர்க்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்.
சட்டையில்லாமல் நெஞ்சில் போட்டுக்கொள்,
ஊட்டாதே, சும்மா போட்டுக்கொள் என்றார்.
பசி முற்றும் முன்னே காட்டு.
தூக்கம் முழுசாய்க் கலையும் முன்னே காட்டு.
மாட்டேன் என்றால் உடனே விட்டுவிடு,
இந்த இடம் சண்டைக்களமாகக் கூடாது.
பெலான் பெலான் என்று
என் தோளைத்தான் தட்டினார், குழந்தையை அல்ல.

சிலிக்கான் காம்பு.
அதன்மேல் ஊசிக்குழாயால் இரண்டு சொட்டு.
குளியல் தொட்டியில் இருவருமாக.
நடந்துகொண்டே, முனகிக்கொண்டே,
ஒருமுறை குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து
எல்லாவற்றையும் போடப் போய்,
விலையை நினைத்து நிறுத்தியபடி.

பன்னிரண்டாம் நாள். முதல் ரயில் இன்னும் ஓடவில்லை.
மழை பெய்து ஓய்ந்திருந்தது.
பக்கவாட்டில் படுத்திருந்தேன், பாதித் தூக்கம்.
முயற்சி எதுவும் செய்யவில்லை, சத்தியமாக.
மூக்கால் தடவினாள்.
தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்,
இருட்டில் சாவித்துவாரம் தேடுகிற மாதிரி.

பிடித்துக்கொண்டாள்.

இயந்திரத்துக்கு ஒரே தாளம்.
இவளுக்கு அப்படி இல்லை.
நாலு இழுப்பு, ஒரு விழுங்கல்,
ஒரு பெருமூச்சு,
மறந்துபோய் ஒரு தூக்கம்,
நினைவு வந்து மறுபடி.
அவளுடைய நகம் என் விலாவைக் கீறியது.
வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.
அந்த நேரத்தில் நினைக்க
வேறு எதுவும் அகப்படவில்லை.

எத்தனை மில்லி குடித்தாள்?
கடவுளே, தெரியாது.
பதினொரு வாரத்தில் முதன்முறையாக எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கு மறுபடி வில்லாய் வளைந்தாள்.
போத்தல் கொடுத்தேன். குடித்தாள்.
நாளைக்கு எப்படியோ.

அதற்கு முன்னால், ஆறு மணிக்கு
அலாரம் அடித்ததும் பழக்கதோஷத்தில்
இயந்திரத்தை மாட்டிக்கொண்டேன்.
வழக்கமாக நூற்றுப்பத்து வரும் நேரம்.
இருபதுதான் வந்தது.
இழுத்து இழுத்துப் பார்த்தது பாவம்.

பட்டைநாடாவில் எழுதினேன்: இருபது.
பக்கத்தில் ஒரு கோடு போட்டேன், சந்தோஷமாக.
மீதி எங்கே இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
வாய் திறந்தபடி தூங்குகிறது.